குறைவாகப் பறந்த பழைய டர்போபிராப்: வாங்கலாமா, வேண்டாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் வாரத்துக்கு மூன்று தடவை, 600 முதல் 900 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர்களுக்குப் போய்வர வேண்டும். அந்த ஊர்களில் பாதிக்குப் பெரிய ஓடுதளம் கிடையாது. ஒரு புரோக்கர் 1980களில் செய்த கிங் ஏர் பி200 ஒன்றைக் காட்டுகிறார், அது இரட்டை இன்ஜின் டர்போபிராப், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பல்லரைச் சுற்றுகிற விமானம். மொத்தம் 5,000 சொச்சம் மணிநேரம்தான் பறந்திருக்கிறது, கடைசி ஏழெட்டு வருஷம் அதிகம் வெளியே எடுக்கவே இல்லை, "புதுசு மாதிரி", விலையும் சந்தையை விடக் கம்மி. வாங்கலாமா?

எந்த வகை விமானம் என்பதில் உங்கள் தேர்வு சரி. அந்தக் குறிப்பிட்ட விமானத்தில்தான் எனக்குச் சந்தேகம், அதுவும் நீங்கள் எதைப் பார்த்து மயங்கினீர்களோ அதே காரணத்தால்: அது பறக்கவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகப் பழைய டர்போபிராப்களை வாங்குபவர்களுக்காகப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு தடவை பறந்துகொண்டிருக்கும் 11,000 மணிநேர விமானத்துக்குத் தலையாட்டிய நாட்கள் உண்டு, 4,000 மணிநேர "அழகி"யைத் தொடவே வேண்டாம் என்று சொன்ன நாட்களும் உண்டு. ஏன் என்று கீழே வருகிறது, அதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஜெட் ஆசையை ஒதுக்கிவிடுங்கள். பி200 மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும், சின்ன ஜெட் 700 போகும். கேட்கப் பெரிய வித்தியாசமாகத் தெரியும். 700 கிலோமீட்டர் பயணத்தில், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால், மிச்சமாவது இருபது நிமிஷத்துக்குப் பக்கம். அந்த இருபது நிமிஷத்துக்காக அதிக எரிபொருள், நீளமான ஓடுதளம் எல்லாம் வேண்டும், போகிற ஊரில் ஓடுதளம் சின்னதாக இருந்தால் பக்கத்து ஊரில் இறங்கிக் காரில் ஒரு மணி நேரம் போக வேண்டும். பி200 சாதாரண நிலைமையில் 800, 900 மீட்டருக்குள் புறப்படவும் இறங்கவும் முடிகிற விமானம். வெயில், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஈரமான ஓடுதளம் எல்லாம் சேர்ந்தால் அந்த எண் ஏறும், அதை பைலட்டின் கையேட்டு அட்டவணையில்தான் பார்க்க வேண்டும், புரோக்கர் வாயில் அல்ல.

ஒற்றை இன்ஜின் டர்போபிராப்களை, பிசி-12 மாதிரியானவற்றையும் ஒரு தடவை யோசித்துவிடுங்கள். அதன் கேபின் பி200-ஐ விடச் சின்னது இல்லை, இன்ஜின் ஒன்றுதான் என்பதால் ஓவர்ஹால் (முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது) செலவும் ஏறக்குறைய பாதி. நேர்மையாகச் சொன்னால், பலருக்கு அதுவே போதும். இரவில், கடலுக்கு மேல், மலைகளுக்கு மேல் அடிக்கடி போக வேண்டியிருந்தால், அல்லது உங்கள் கம்பெனியோ காப்பீட்டுக்காரரோ ஆட்களை ஒற்றை இன்ஜினில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லியிருந்தால், இரட்டை இன்ஜினுக்கு வாருங்கள். வருவதென்றால் எல்லாமே இரண்டு மடங்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் எடைக் கணக்கு. இதைத்தான் வாங்குகிறவர்கள் கடைசியில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது இது. பி200-இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. இருக்கைகள், கருவிகள், ஒரு பைலட் எல்லாம் சேர்த்து எரிபொருள் இல்லாமல் நிற்கும்போதே பல விமானங்கள் 3,900 கிலோவைத் தொட்டுவிடும். டேங்க் முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் சுமார் 1,650 கிலோ. மிச்சம்? நூறு கிலோவுக்குச் சற்று மேல். அதாவது எட்டு இருக்கை விமானத்தில் முழு டேங்க்கோடு ஒரே ஒரு ஆள், கையில் ஒரு பை! இதைக் கேட்டதும் முதல் தடவை வாங்குபவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பயப்பட வேண்டாம். ஆறு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 560 கிலோ என்று வைத்தால் எரிபொருளுக்கு 1,200 கிலோ போல இடம் இருக்கும். மணிக்கு 300 கிலோ எரிக்கும். அவசரத்துக்கான கையிருப்பை ஒதுக்கிவிட்டால் மூன்று மணி நேரம், 1,400 கிலோமீட்டர் வரை தாராளம். உங்கள் 900-க்கு இது போதும். ஆனால் போகிற ஊரில் எரிபொருள் கிடைக்காது, நிரப்பிக்கொண்டு போய் அதிலேயே திரும்ப வேண்டும் என்றால் 1,800 கிலோமீட்டர் கணக்காகிவிடும், ஆறு பேர் நாலு பேராக வேண்டியிருக்கும். விற்பவரிடம் அந்த விமானத்தின் கடைசி எடை அறிக்கையைக் கேளுங்கள். விளம்பரப் புத்தகத்தில் இருக்கிற எண் நாற்பது வருஷத்தில் வயரிங், பெயின்ட், கூடுதல் கருவி என்று ஏறியிருக்கும்.

கிங் ஏர்தான் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1964-லிருந்து 7,000-க்கும் மேல் செய்து விற்ற குடும்பம் அது. அதில் புதுமையோ கவர்ச்சியோ ஒன்றும் இல்லை, அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். எங்கே போய் நின்றாலும் அதைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் கிடைப்பார், பாகம் கிடைக்கும், ஓட்டத் தெரிந்த பைலட் கிடைப்பார். சி90 சின்னது, சிக்கனமானது, ஆனால் வேகம் குறைவு. பழைய சி90-இல் வெளியை விடக் கேபினுக்குள் கூட்டி வைக்கக்கூடிய காற்றழுத்தம் 4.6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மட்டும்தான் என்பதால் 25,000 அடியில் பறக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு 10,000 அடி மலைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பி200-இல் அது 6.5, அதே உயரத்தில் உள்ளே 6,000 அடிக்குள் இருக்கும். காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இந்த வித்தியாசம் தலைவலியாகவே தெரியும். 350 பெரியது, எட்டுப் பேரையும் எரிபொருளையும் சேர்த்துத் தூக்கும். ஆனால் 5,670 கிலோ எல்லையைத் தாண்டுவதால் பைலட்டுக்கு அந்த ரகத்துக்கென்றே தனி டைப் ரேட்டிங் (ஓட்டும் தகுதிச் சான்று) வேண்டும், விலையும் வேறு கட்டத்துக்குப் போய்விடும்.

350-க்கு ஒரு நல்ல விஷயம் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. அது கம்யூட்டர் வகையில் சான்று பெற்றது. புறப்படும்போது ஒரு இன்ஜின் போனாலும் மிச்ச ஓடுதளத்தில் நிறுத்தவோ தொடர்ந்து ஏறவோ முடியும் என்ற கணக்கு அதன் ஓடுதள எண்களுக்குள்ளேயே இருக்கிறது. பி200-இல் அந்த உத்தரவாதம் கட்டாயம் இல்லை. கையேட்டில் அதற்கான அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து ஓடுதளத்தைத் தேர்ந்தெடுக்கிற ஒழுக்கம் உங்கள் பைலட்டிடம் இருக்க வேண்டும். நான் முன்னே சொன்ன 800, 900 மீட்டர் இரண்டு இன்ஜினும் நன்றாக ஓடும்போது வருகிற எண். இரட்டை இன்ஜின் வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். செஸ்னா கான்குவெஸ்ட் 2 அருமையான விமானம், பி200-ஐ விடக் குறைவாக எரித்துக்கொண்டு அதே வேகத்தில் போகும், ஆனால் செய்ததே சுமார் 360. தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள். பைப்பர் ஷயான் ரகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், டர்போ கமாண்டர் என்றால் இறக்கையின் ஸ்பார் (உள்ளே ஓடும் உத்திரம்) சரித்திரத்தைத் தனியாகத் தோண்ட வேண்டும். மிட்சுபிஷி எம்யூ-2 விலைக்கு நல்ல வேகம் தரும், ஆனால் அதில் ஏலரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) கிடையாது, இறக்கை மேல் எழும் ஸ்பாய்லர்களால்தான் சாய்க்க வேண்டும். விபத்துகள் கூடியதால் அமெரிக்காவில் 2008-இல் அதற்கென்றே தனிப் பயிற்சி விதி கொண்டுவந்தார்கள், அதற்கப்புறம் அதன் பெயர் நன்றாகவே தேறியது. முதல் விமானமாக வேண்டாம். பியாஜியோ அவந்தி ஜெட்டைத் துரத்தும் வேகம், பார்க்கவும் கண்கொள்ளாத அழகு. பாகத்துக்கு எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று உங்களையே கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். பழைய டர்போபிராப் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இரண்டு இன்ஜின்களில் மிச்சம் இருக்கிற மணிநேரத்தை, உடம்பும் இறக்கையும் அதோடு சேர்ந்து வருகிறவை. பி200-இல் இருக்கும் பிராட் அண்ட் விட்னியின் பிடி6 இன்ஜினுக்குப் பெரும்பாலும் 3,600 மணிநேரத்தில் ஓவர்ஹால், நடுவில் 1,800-இல் ஹாட் செக்‌ஷன் இன்ஸ்பெக்‌ஷன், அதாவது எரியறையையும் அதை அடுத்த டர்பைனையும் திறந்து பார்ப்பது. கிங் ஏர் பி100, கான்குவெஸ்ட் 2 போன்றவற்றில் இருப்பது காரெட் டிபிஇ331. அதன் -10 ரகங்கள் 5,000 மணிநேரம் வரை போகும், எரிப்பதும் குறைவு. ஆனால் அது ஒரே தண்டில் புரொப்பல்லரோடு நேராக இணைந்த இன்ஜின், தரையில் நிற்கும்போது போடுகிற கூச்சலில் பக்கத்தில் நின்று பேச முடியாது. பிடி6-இல் புரொப்பல்லரைச் சுற்றும் டர்பைன் தனியாகச் சுழலும், அதனால் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரிக்குப் பாரம் குறைவு, தரையில் சாந்தம். இரண்டுமே நல்ல இன்ஜின்கள்தான், எது நல்லது என்று சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

பழைய விமானங்களில் இரண்டு இன்ஜினின் ஓவர்ஹால் செலவு விமானத்தின் விலையில் பாதியைத் தாண்டுவது சாதாரணம். அதனால் 400 மணிநேரம் மிச்சம் உள்ள விமானத்தை மலிவு என்றும் 2,500 மிச்சம் உள்ளதை விலை அதிகம் என்றும் சொல்வதில் அர்த்தமே இல்லை. ஓவர்ஹால் செலவை 3,600-ஆல் வகுங்கள், மிச்ச மணிநேரத்தால் பெருக்குங்கள், இரண்டு இன்ஜினுக்கும் தனித்தனியாகப் போடுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே நாளில் பிறந்திருக்காது. வருகிற தொகையைக் கேட்கிற விலையிலிருந்து கழியுங்கள். அப்போது இரண்டு விமானத்தின் உண்மை விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். மணிநேரம் மட்டும் போதாது. உள்ளே சுழலும் தட்டுகளுக்குச் சுழற்சிக் கணக்கில் ஆயுள் உண்டு, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பறந்து நிறுத்தினால் ஒரு சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக் குட்டிப் பயணமாகப் பறந்த விமானத்தில் மணிநேரம் குறைவாகவும் சுழற்சி அதிகமாகவும் இருக்கும், ஓவர்ஹாலில் அந்தத் தட்டுகளை மாற்றச் சொல்லும்போதுதான் அது பில்லில் தெரியும்.

அமெரிக்காவில் தனியார் உபயோகத்துக்கு 3,600 என்பது பரிந்துரைதான், அதைத் தாண்டியும் சட்டப்படி பறக்கலாம். 8,000 மணிநேரம் வரை நீட்டித்துக்கொள்ளும் ஒரு பராமரிப்புத் திட்டமும் அங்கே உண்டு. ஆனால் விமானத்தை வேறொரு நாட்டில் பதியப் போகிறீர்கள், அல்லது வாடகைக்கும் விடப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டு விமானத்துறை அதை ஏற்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏற்காவிட்டால், நீங்கள் வாங்கிய "இன்னும் 3,000 மணிநேரம் போகும்" இன்ஜின் நாட்டின் எல்லையைத் தாண்டியவுடனே ஓவர்ஹாலுக்குப் போக வேண்டிய இன்ஜினாக மாறிவிடும்.

மணிக்கு இவ்வளவு என்று கட்டிவந்து ஓவர்ஹாலை அதிலேயே முடித்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு: இன்ஜின் கம்பெனியே நடத்தும் ஈஎஸ்பி, வெளியாள் நடத்தும் ஜேஎஸ்எஸ்ஐ மாதிரி. அதில் இருக்கும் விமானம் விலை கூடுதலாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும், காரணம் யாரோ ஒருவர் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறார். கட்டிய பணம் புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா, நிலுவை ஏதாவது உண்டா என்று மட்டும் அந்தத் திட்டத்தாரிடமே நேராகக் கேளுங்கள்.

இப்போது உங்கள் "புதுசு மாதிரி" விமானத்துக்கு வருகிறேன். சும்மா நின்ற வண்டி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், விமானத்தில் அது பத்து மடங்கு. பறக்கும்போது சூடேறி எண்ணெயிலிருந்து போகும் ஈரம், நிற்கும்போது உள்ளேயே தங்கிவிடும். பேரிங்கிலும் கம்ப்ரஸர் பிளேடிலும் அரிப்பு தொடங்கும், கடற்கரைப் பக்கம் நின்றிருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். ரப்பர் சீல் காய்ந்து சுருங்கும். கிங் ஏரின் இறக்கைக்குள் இருக்கும் ரப்பர் எரிபொருள் பைகள் காய்ந்து வெடிக்கும், நிரப்பின அன்றைக்கே கசியும். டேங்க் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் நடுவில் பூஞ்சை வளர்ந்து ஃபில்டரை அடைக்கும், அளவுமானிகளைக் கெடுக்கும். இறக்கையின் முன்விளிம்புகளில் பனியை உடைக்கும் ரப்பர் பட்டைகள் வெயிலில் பொத்தல் விடும். சூடாக்கும் கம்பி ஓடுகிற முன்கண்ணாடிகளின் அடுக்குகள் பிரியும், அதன் விலையைக் கேட்டால் கண்ணாடியா வைரமா என்று சந்தேகம் வரும்.

சில வருஷத்துக்கு முன் இப்படி ஒன்றைப் பார்க்கப் போனேன். பெயின்ட் மினுமினுப்பு, தோல் இருக்கை வாசம் போகவில்லை, இன்ஜின் இரண்டும் ஓவர்ஹாலுக்குப் பிறகு 900 மணிநேரம்தான். ஆனால் ஓவர்ஹால் செய்து 19 வருஷம் ஆகியிருந்தது. போரோஸ்கோப் (இன்ஜினுக்குள் நுழைக்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்த்தால் இடது இன்ஜினின் கம்ப்ரஸர் பிளேடுகளில் குழி குழியாக அரிப்பு. வாங்க வந்தவர் நல்ல மனிதர், விலை கம்மி என்று ஏற்கெனவே மனதுக்குள் விமானத்துக்குக் கம்பெனி நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டார். என் ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு வாங்கினார். முதல் பதினான்கு மாதத்தில் ஒரு இன்ஜின், ஆறு எரிபொருள் பை, ஒரு கண்ணாடி, லேண்டிங் கியர் முழுசும். விமானம் அந்த நாட்களில் பறந்ததை விட ஹேங்கரில் ஜாக் மேல் நின்றதுதான் அதிகம். அவர் ஆட்கள் வாடகை விமானத்தில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

லேண்டிங் கியர் என்றதும் நினைவு வருகிறது, மணிநேரத்தோடு நாட்காட்டியும் ஓடுகிறது என்பதைப் புரோக்கர்கள் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். கிங் ஏர் 200-இன் கியருக்கு 8,000 தரையிறக்கம் அல்லது 6 வருஷம், எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால். இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளை 5 வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சோதிக்க வேண்டும். புரொப்பல்லருக்கும் பெரும்பாலும் 6 வருஷக் கணக்கு உண்டு. பராமரிப்புச் சோதனையை நான்கு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், 200 மணிநேரத்துக்கு ஒன்று, ஆனால் நான்கும் 24 மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். குறைவாகப் பறந்தால் இந்தச் செலவெல்லாம் கொஞ்சமான மணிநேரத்தின் தலையில் வந்து விழும், அதனால்தான் பறக்காத உரிமையாளர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டுவிட்டு விற்க வருகிறார்கள். எது எது எந்தத் தேதியில், எந்த மணிநேரத்தில் வருகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். ஒழுங்காகப் பராமரித்த விமானத்துக்கு அது ஒரு நாளில் வந்து சேரும், இழுத்தடித்தால் காரணம் இருக்கிறது.

லாக்புக்குகளை (பறப்பும் பராமரிப்பும் எழுதிவைக்கும் பதிவேடுகள்) பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம். முதல் நாளிலிருந்து இன்றுவரை இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும், உடம்பு, இரண்டு இன்ஜின், இரண்டு புரொப்பல்லர் என்று தனித்தனியாக. நடுவில் ஒரு புத்தகம் தொலைந்திருந்தால் ஆயுள் உள்ள பாகங்கள் எவ்வளவு ஓடின என்று நிரூபிக்க வழியில்லை, நிரூபிக்க முடியாத பாகம் விமானத்துறைக்குச் செத்த பாகம்தான். பழைய அடிபாடு இருந்தால் அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை, நன்றாகப் பழுதுபார்த்து முறையான தாள் இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம், மறைத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தையில் இந்தக் கிங் ஏர்களுக்கு நிறைய மாற்றங்கள் செய்திருப்பார்கள், நாலு பிளேடு புரொப்பல்லர், இறக்கை முனை மாற்றம், கூடுதல் சாமான் அறை என்று. ஒவ்வொன்றுக்கும் அங்கீகாரத் தாள் இருக்கிறதா, அதை நீங்கள் பதியப் போகும் நாடு ஏற்குமா என்று பாருங்கள்.

விமானத்தின் மேல் கடன் இருக்கிறதா என்பது வக்கீல் வேலை, மெக்கானிக்கிடம் விடாதீர்கள். பதிவு நாட்டுப் பதிவேட்டோடு, 2001 கேப் டவுன் ஒப்பந்தத்தின்படி நடக்கும் சர்வதேசப் பதிவேட்டிலும் தேடச் சொல்லுங்கள். அதில் 550 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டர்பைன் இன்ஜின்கள் தனிச் சொத்தாகவே பதியப்படும், அதனால் விமானத்துக்குக் கடன் இல்லாமல் இன்ஜினுக்கு மட்டும் இருக்கலாம். இரண்டு இன்ஜின் எண்ணையும் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

காக்பிட்டில் என்ன இருக்கிறது என்பதும் பணம்தான். அமெரிக்காவில் 2020 ஜனவரியிலிருந்து கட்டுப்பாட்டிலுள்ள வான்வெளியில் பெரும்பாலானவற்றில் ஏடிஎஸ்-பி (விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி) இல்லாமல் நுழைய முடியாது. 29,000 அடியிலும் அதற்கு மேலேயும் போக ஆர்விஎஸ்எம் (விமானங்களுக்கு நடுவில் உயர இடைவெளியைக் குறைத்துப் பறப்பது) அனுமதி வேண்டும், பழைய பி200 பலவற்றில் அது இல்லை. உங்கள் தூரத்துக்கு 27,000, 28,000 அடியே போதும் என்பதால் அதற்காகச் செலவு செய்ய மாட்டேன். ஆனால் பழைய பிக்சர் டியூப் திரைகள் இருந்தால் யோசியுங்கள், டியூப் கிடைப்பது அரிது, ஒரு திரை இருண்டால் விமானமே நின்றுவிடும். கார்மின் ஜி1000 மாதிரி புதிய டிஜிட்டல் திரைத் தொகுப்பு ஒன்றைப் பழைய உரிமையாளர் போட்டிருந்தால் பாதி விலைக்குக்கூட அதை அவர் திரும்பப் பெற முடியாது, மிச்சம் உங்களுக்கு லாபம். ஆட்டோபைலட்டும் அதோடு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள், நாற்பது வருஷ ஆட்டோபைலட் ஒரு கணினியைப் பழுதுபார்க்க அனுப்பினால் அது ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும்.

இத்தனையும் பார்த்துப் பிடித்திருந்தால் வாங்குமுன் சோதனை. எந்தக் கடையில் செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்: அந்த விமானத்தை இதுவரை பராமரித்த கடையில் செய்யவே கூடாது. தன் வேலையில் தானே குற்றம் கண்டுபிடிக்கிற ஆள் எங்கே இருக்கிறார்? அந்த ரகத்தில் தினமும் வேலை செய்கிற வேறொரு கடைக்கு விமானம் பறந்து வரட்டும், அந்தச் செலவு உங்களுடையது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். பறக்கத் தகுதி தொடர்பான கோளாறு எது வந்தாலும் விற்பவர் செலவில் சரிசெய்ய வேண்டும், அரிப்போ இன்ஜின் உள்சேதமோ வந்தால் முன்பணம் முழுக்கத் திரும்ப வேண்டும். பணம் மூன்றாம் ஆளிடம் எஸ்க்ரோவில் இருக்கட்டும். சோதனையில் இரண்டு இன்ஜினுக்கும் போரோஸ்கோப், எண்ணெய் ஃபில்டரில் உலோகத் துகள் உண்டா, தரைப்பலகையைத் தூக்கி இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியிலும் கழிப்பறைக்கு அடியிலும் அரிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கழிப்பறைக்கு அடியில் என்று சும்மா சொல்லவில்லை, நான் முதலில் படுத்துப் பார்க்கிற இடமே அதுதான்.

சோதனைப் பறப்பில் நீங்களும் போங்கள், பைலட்டாக இல்லாவிட்டாலும். முதலில் ஸ்டார்ட். பி200-இன் இன்ஜினான பிடி6ஏ-42-க்கு ஸ்டார்ட்டில் 1,000 டிகிரி செல்சியஸ் வரைதான் அனுமதி, அதுவும் 5 நொடிக்கு மேல் கூடாது. பலவீனமான பேட்டரியில் ஸ்டார்ட் செய்து செய்து அந்த எல்லையை உரசிய இன்ஜின்கள் ஏராளம், நல்ல இன்ஜின் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். மேலே போனதும் இரண்டு இன்ஜினையும் ஒரே டார்க்கில் (சுழற்று விசையில்) வைத்து வெப்பநிலையைப் பக்கத்தில் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்று நாற்பது ஐம்பது டிகிரி அதிகமாகக் காட்டினால் காட்டும் மீட்டரிலோ ஹாட் செக்‌ஷனிலோ கோளாறு, அது எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 25,000 அடியில் கேபின் உயரம் எங்கே நிற்கிறது, ஒரு இன்ஜினிலிருந்து கேபினுக்கு வரும் காற்றை மூடினால் தாங்குகிறதா, ஆட்டோபெதர் (இன்ஜின் நின்றால் அதன் புரொப்பல்லர் பிளேடுகளைக் காற்று தடுக்காதபடி தானே திருப்பும் அமைப்பு) வேலை செய்கிறதா என்று பைலட் பார்ப்பார். நீங்கள் புரொப்பல்லருக்கு நேராக இருக்கும் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு பேசிப் பாருங்கள். பி200 கேபினின் உயரம் 145 சென்டிமீட்டர்தான், யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. உங்கள் மேலதிகாரி முட்டிக்கொண்டால் முதல் வாரத்திலேயே விமானத்தின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

பைலட்டை விமானத்துக்கு முன்னாலேயே பிடியுங்கள். சட்டப்படி ஒரு பைலட் போதும் என்கிற இடங்களிலும் நான் இரண்டு பேரைத்தான் சொல்வேன், வாரத்துக்கு மூன்று நாள், மாலையில் களைத்துத் திரும்புகிற பயணம் உங்களுடையது. காப்பீட்டுக்காரர் அந்த ரகத்தில் அனுபவமும் வருஷா வருஷம் சிமுலேட்டர் பயிற்சியும் கேட்பார், பைலட் பெயரைச் சொல்லாமல் தொகை சொல்ல மாட்டார். வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்காவது முதல் வருஷ எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிவையுங்கள், இது என் அனுபவக் கணக்கு. வருஷத்துக்கு 150 மணிநேரம்கூடத் தேறாது என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். உங்கள் கணக்குப்படி வாரத்துக்கு மூன்று தடவை போய்வந்தால் அது 400-ஐத் தாண்டும், அதனால் சொந்த விமானத்துக்கு நியாயம் இருக்கிறது.

ஆக, நாளைக்கே அந்தப் புரோக்கருக்கு எழுதுங்கள். இரண்டு இன்ஜினின் ஓவர்ஹால் தேதி, மணிநேரம், சுழற்சி. கடைசி ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு வருஷமும் எத்தனை மணிநேரம் பறந்தது, எந்த ஊரில், ஹேங்கருக்கு உள்ளேயா வெளியேயா நின்றது. கியர், போல்ட், புரொப்பல்லர் கடைசியாக எப்போது செய்தது. நின்றிருந்த காலத்தில் இன்ஜினை இன்ஜின் கம்பெனி சொன்ன முறைப்படிப் பதப்படுத்தி வைத்ததற்கான லாக்புக் பதிவின் நகல். இந்தக் கடைசித் தாள் இருந்தால், நான் மேலே சொன்ன சந்தேகத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், போய்ப் பார்க்கலாம். அது இல்லாமல் விலையை இன்னும் கொஞ்சம் குறைக்கிறேன் என்று பதில் வந்தால், 9,000 மணிநேரம் பறந்து இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கிற இன்னொரு பி200-ஐத் தேடச் சொல்லுங்கள்.